இல்லினாய் மான் வேட்டைக்கு இனி ரைஃபிள்: யாரெல்லாம் மாறப் போகிறீர்கள்?

பியோரியாக்காரன்
2022 டிசம்பர் 6, இரவு 9:14

வணக்கம். ஆளுநர் இந்த ஆண்டு கையெழுத்திட்ட சட்டம் வருகிற ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. 1957-ல் இந்த மாநிலத்தில் துப்பாக்கி மான் பருவம் மறுபடி தொடங்கியபோது ஷாட்கன்தான் (உள்ளே வழவழப்பான, அகலக் குழல் துப்பாக்கி) கருவி. பிறகு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும் சேர்ந்தன. ரைஃபிளுக்கு இப்போதுதான் அனுமதி. அதுவும் ஒரே ஒரு தோட்டா பிடிக்கும் ரைஃபிளுக்கு மட்டும்.

எனக்கு இதில் ஆர்வம் வர இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இரண்டு வருடம் முன்பு நடந்தது. ஒரு பெண்மான், சுமார் 90 கெஜம். 12 கேஜ் ஸ்லக், அதாவது ஷாட்கனில் போடும் கனமான ஒற்றைக் குண்டு. விசையை இழுக்கும்போதே தோள் இறுகியது எனக்கே தெரிந்தது. அடி பின்னால் தள்ளி வயிற்றில் பட்டுவிட்டது. இருட்டிய பிறகும் டார்ச் வைத்துக்கொண்டு இரத்தத் தடம் தேடினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் தடம் நின்றுபோனது. மறுநாள் காலையில் கயோட்டிகள் தின்ற மிச்சம்தான் கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட முடியவில்லை.

இரண்டாவது, என் மகள். பதின்மூன்று வயது, ஒல்லியான பிள்ளை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துவிட்டாள். 12-ஐவிடச் சிறிய குழலான 20 கேஜில் ஸ்லக் ஒன்று சுடக் கொடுத்தேன். தோளில் கன்றிப்போனது ஒரு வாரம் இருந்தது. இப்போது சும்மா வெற்றுத் துப்பாக்கியில் பழகினாலும், இழுப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அப்படி ஒரு பிள்ளையை உயிருள்ள மானுக்கு முன்னால் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

அதனால் கேட்கிறேன். பக்கத்து மாநிலங்களில் இந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாறலாமா? ஒரே தோட்டா என்பது பயமாக இல்லையா?

---

ஓஹியோ அண்ணாச்சி
2022 டிசம்பர் 6, இரவு 10:02

தம்பி, நாங்கள் இதை 2014-லேயே பார்த்துவிட்டோம். அந்த ஆண்டுதான் ஓஹியோவில் நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் முழுக்க துப்பாக்கிக் கடைகளில் இதே பேச்சுதான். காட்டில் நடமாட முடியாது, மானே மிஞ்சாது, பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குக் குண்டு பாயும் என்றெல்லாம் சொன்னார்கள்.

நான் கொலம்பஸுக்குத் தெற்கே வேட்டைக்குப் போகிறவன். காட்டில் பெரிய மாற்றம் எதையும் பார்க்கவில்லை. கடையில்தான் மாற்றம். ஸ்லக்குக்கென்று உள்ளே சுழல்வரி வெட்டிய குழல் போட்ட ஷாட்கன்கள் அலமாரியில் தூங்க ஆரம்பித்தன. இன்றைக்கு நன்றி தெரிவித்தல் நாளுக்கு (நவம்பர் நான்காவது வியாழன்) அடுத்த திங்கட்கிழமை எங்கள் பருவம் தொடங்கும்போது, என்னோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் நேர்ச்சுவர் ரைஃபிள்தான்.

தெரியாதவர்களுக்காக: நேர்ச்சுவர்த் தோட்டா என்றால் பித்தளைக் கூடு அடியிலிருந்து வாய் வரைக்கும் நேராக வரும், கழுத்து ஒடுங்காது. ஒடுங்கிய கழுத்துள்ள தோட்டாவில் மருந்து அதிகம், குண்டு சிறியது, அதனால் வேகமும் தூரமும் அதிகம். நேர்ச்சுவரில் அந்த அளவு வேகம் வராது. சட்டம் போட்டவர்களின் கணக்கு அதுதான்.

உன் மகளுக்கு .350 லெஜண்ட் என்ற நேர்ச்சுவர்த் தோட்டா போதும். 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. 150 கிரெய்ன் (கிட்டத்தட்ட 10 கிராம்) எடையுள்ள குண்டு, பெட்டியில் போட்டிருக்கிற வேகம் நொடிக்கு 2,325 அடி. உதைப்பு 20 கேஜ் ஸ்லக்கில் பாதிகூட இருக்காது.

---

பழைய குழல்
2022 டிசம்பர் 7, காலை 6:40

நான் கேல்ஸ்பர்க் பக்கம் 24 வருடமாக வேட்டைக்குப் போகிறேன். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன்.

நம் ஊர் நிலம் எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நவம்பரில் மக்காச்சோளம் அறுத்து முடிந்திருக்கும். தரை மொட்டை. மைலுக்கு ஒரு சாலை, கட்டம் போட்ட மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீடு, ஒரு டிராக்டர் கொட்டகை, சில இடங்களில் மாட்டுத் தொழுவம். மேட்டு நிலம் என்று எதுவும் கிடையாது. தவறிய குண்டை நிறுத்துவதற்கு மண் இல்லாத நாடு இது.

ஷாட்கன் வைத்திருக்கிறவன் 100 கெஜத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற மானைப் பார்த்தால், வரட்டும் என்று காத்திருப்பான். வேறு வழி இல்லை. அதே ஆள் கையில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டிய ரைஃபிளைக் கொடுத்தால் 200 கெஜத்து மான் "சுடு சுடு" என்று கூப்பிடும். அந்த ஆசைதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. எனக்கு நிலத்தில் இடம் கொடுக்கிற விவசாயி, ஒரு காகிதத்திலும் கையெழுத்து வாங்காமல் 24 வருடமாக என்னை நம்பியிருக்கிறார். குடியிருக்கும் வீட்டிலிருந்து 300 கெஜத்துக்குள் அனுமதியில்லாமல் சுடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவர் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார். பக்கத்து நிலத்தில் யாரோ ஒருவன் ரைஃபிளால் அவசரப்பட்டு அவர் கொட்டகைத் தகரத்தில் ஓட்டை போட்டால், கதவு எனக்கும் சேர்த்து மூடிக்கொள்ளும்.

---

நோவைவாசி
2022 டிசம்பர் 7, காலை 8:25

அய்யா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மிச்சிகன் தெற்குப் பகுதியும் அதே மாதிரி தட்டை நிலம்தான். எங்களுக்கும் 2014-ல்தான் வந்தது. எங்கள் விதி இன்னும் இறுக்கம்: குறைந்தது .35 காலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்), கூட்டின் நீளம் 1.16 அங்குலத்திலிருந்து 1.80 அங்குலம் வரைக்கும். அதனால் பழைய .45-70 எங்கள் தெற்குப் பகுதியில் செல்லாது. கூடு நீளம் அதிகம். உங்கள் இல்லினாயில் நேர்ச்சுவருக்கு நீளக் கட்டுப்பாடு இல்லாததால் அது செல்லும். 1873-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டாவை வைத்து 2023-ல் மான் சுடலாம் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

---

தோட்டாக்கணக்கு
2022 டிசம்பர் 7, மாலை 5:11

நீளப் பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

இல்லினாயில் நேர்ச்சுவர் என்றால் .30 காலிபரோ அதற்கு மேலோ எதுவும் சரி. .357 மேக்னம், .44 மேக்னம், .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர், .444 மார்லின், .45-70 எல்லாம் செல்லும். கழுத்து ஒடுங்கிய தோட்டா என்றால் .30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கூடு 1.4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதனால் .300 பிளாக்அவுட் உள்ளே வருகிறது. .30-30 வராது, .308 வராது. 7.62x39 கூட 1.5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே போவதால் வராது. எந்தத் தோட்டாவாக இருந்தாலும் குழல் வாயில் 500 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். நம் ஊரில் கைத்துப்பாக்கிக்கு ஏற்கெனவே இருந்த அதே தோட்டா விதிகள்தான். இத்தனை வருடமாக .44 மேக்னத்தைக் கைத்துப்பாக்கியில் வைத்து மானைச் சுடலாம், ஆனால் அதே தோட்டாவைத் தோளில் ஊன்றி நீளக் குழலில் சுடக் கூடாது. தோளில் ஊன்றிச் சுட்டால் குறி தவறுவது குறையும் என்பது யாருக்கும் தெரியும். அந்த முரண்பாட்டைச் சரிசெய்ததுதான் இந்தச் சட்டம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு தோட்டா என்றால் மேகசினும் குழல் அறையும் சேர்த்தே மொத்தம் ஒன்று. மேகசின் உள்ள ரைஃபிளில் ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக்கொண்டு போனால் போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கு மேல் பிடிக்காதபடி தயாரித்திருக்க வேண்டும் அல்லது மாற்றியிருக்க வேண்டும்.

---

கொல்லைக்காரி
2022 டிசம்பர் 7, இரவு 8:48

பியோரியாக்காரன் அண்ணா, மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்காகவே உள்ளே வந்தேன்.

நான் ப்ளூமிங்டனில் இருக்கிறேன். ஐந்தடி இரண்டு அங்குலம். கணவர் கொடுத்த 12 கேஜில்தான் ஆரம்பித்தேன். அந்தத் துப்பாக்கி எனக்கு நீளம், எனக்குக் கனம். பரணில் குளிர் அங்கியோடு உட்கார்ந்து அதைத் தோளுக்குக் கொண்டுவருவதற்குள் மான் போய்விடும். கொண்டுவந்தாலும் உதைப்பை நினைத்து உடம்பே சுருங்கும். மூன்று பருவம் ஒன்றும் எடுக்கவில்லை. எல்லோரும் "பழகிவிடும்" என்றார்கள். ஒன்றும் பழகவில்லை.

பிறகு ஓஹியோவில் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது .350 லெஜண்ட் கொடுத்தாள். மூன்று முறை சுட்டேன். நான்காவது முறை சுடும்போது உதைப்பைப் பற்றி நினைக்கவே மறந்துவிட்டேன், சிலுவைக்கோடும் மூச்சும் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாள் நான் மோசமாகச் சுடுகிறவள் இல்லை, எனக்குப் பொருந்தாத துப்பாக்கியைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று.

பழைய குழல் அய்யா தூரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். என் கண்ணுக்கு இந்தச் சட்டம் 60 கெஜத்து மானைப் பற்றியது. அந்த 60 கெஜத்தில் சரியான இடத்தில் படுவதைப் பற்றியது.

---

நேப்பர்வில் புதியவன்
2022 டிசம்பர் 8, மதியம் 12:30

எல்லோருக்கும் வணக்கம், முதல் பதிவு. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். நாம் துப்பாக்கி வைத்திருக்கலாமா? நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் பேச்சிலேயே இல்லை என்பதால் எதுவும் தெரியாமல் கேட்கிறேன்.

---

கொல்லைக்காரி
2022 டிசம்பர் 8, மதியம் 1:15

தம்பி, நல்ல வேளை முதலில் கேட்டீர்கள். நானும் எச்-1பியில்தான் ஆரம்பித்தேன்.

எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அதில் ஒரு விலக்கு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். இல்லினாய் உரிமம் மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரல் 1 காலையில் புது உரிமம் இல்லாமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் அது மத்தியச் சட்டக் குற்றம். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் நாட்காட்டியில் மார்ச் 15-ஐச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

வரிசை இது: 1980 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். அப்புறம் உரிமம். அப்புறம் மாநிலத்தின் ஃபாய்டு அட்டை (துப்பாக்கி வைத்திருப்பவருக்கான அடையாள அட்டை). அது வந்த பிறகுதான் துப்பாக்கி. நண்பரின் துப்பாக்கியை "சும்மா கையில் பிடித்துப் பார்க்கிறேன்" என்பதைக்கூட அதற்கு முன்னால் செய்யாதீர்கள். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நேப்பர்வில்லின் பெரும்பகுதி இருக்கிற டுபேஜ் கவுண்டியில் துப்பாக்கி மான் வேட்டையே கிடையாது. குக், லேக் கவுண்டிகளிலும் இல்லை, கேனில் ஒரு பகுதியிலும் இல்லை. அங்கெல்லாம் வில் மட்டும்தான். துப்பாக்கிக்கு வெளியே போக வேண்டும்.

---

ஓஹியோ அண்ணாச்சி
2022 டிசம்பர் 8, இரவு 9:30

பழைய குழல் அய்யாவுக்கு ஒரு தகவல். பென்சில்வேனியாவில் இதே சண்டை வந்தபோது சட்டமன்றக் குழு ஒன்று ஆய்வு செய்யச் சொன்னது. 2007-ல் அறிக்கை வந்தது. .30-06 ரைஃபிள், ஷாட்கன், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி மூன்றையும் ஒப்பிட்டார்கள். குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கிச் சுட்டால் ரைஃபிள் குண்டுதான் மிக அதிகத் தூரம் போகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் குழல் ஏறத்தாழ தரைக்கு இணையாக இருக்கும்போது, அதாவது மானைப் பார்த்துச் சுடும்போது, தரையில் பட்டுத் தெறித்த ஷாட்கன் ஸ்லக் ரைஃபிள் குண்டைவிட அதிகத் தூரம் போனது. ஸ்லக் கனமான மொண்டிக் கட்டி. தரையில் பட்டால் உடையாமல் துள்ளி ஓடும். ரைஃபிள் குண்டு பட்டவுடன் சிதைந்து வேகம் இழக்கும்.

ஷாட்கன் என்றால் பாதுகாப்பு என்று நாம் பல வருடம் நம்பியது முழு உண்மை இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் முடிவு. இல்லினாயில் அனுமதித்திருப்பது .30-06 அளவுக்கு நீளம் பாய்கிற தோட்டாக்களும் இல்லை.

---

பழைய குழல்
2022 டிசம்பர் 9, காலை 6:15

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன் அண்ணாச்சி. அதில் தப்பு சொல்ல மாட்டேன். பரணில் உட்காருவதன் முதல் பலனே குழல் கீழ்நோக்கி இருப்பதும் குண்டு மண்ணில் போய்ப் புதைவதும்தான்.

ஆனால் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் ஆய்வு அளந்தது. சுடுகிறவன் எவ்வளவு தூரத்துக்கு ஆசைப்படுவான் என்பதை யார் அளந்தார்கள்? .350-ஐ 100 கெஜத்துக்குக் குறி வைத்தால் 200-ல் அரையடிக்கும் மேல் கீழே இறங்குகிறது. அது தெரியாமல் சுடுகிறவன் காலை உடைப்பான். பியோரியாக்காரன் தம்பிக்கு அந்தப் பெண்மான் ஒன்று போனதற்கே சாப்பாடு இறங்கவில்லை. எல்லோரும் அவரைப் போல இருக்கிறார்களா?

---

பைக் வில்லாளி
2022 டிசம்பர் 9, காலை 10:50

எனக்கு வேறு கவலை. நான் பைக் கவுண்டியில் அக்டோபர் 1 முதல் வில்லோடு உட்காருகிறவன். ஒரு ஆண்மானை மூன்று வருடம் கேமராவில் பார்த்து, அது முதிரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நவம்பரில் பக்கத்து நிலத்துக்காரர் ரைஃபிளோடு வந்து வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே எடுத்துவிட்டால் என் மூன்று வருடம் போச்சு. இல்லினாயின் பெரிய கொம்புகளுக்குக் காரணமே இங்கே ரைஃபிள் இல்லாததுதான் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள்.

---

தோட்டாக்கணக்கு
2022 டிசம்பர் 9, மதியம் 2:05

கவலை புரிகிறது. ஆனால் கொம்பு வளர்வதற்கு வயது வேண்டும். வயது கிடைப்பது பருவம் எப்போது, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. நம் துப்பாக்கிப் பருவம் நன்றி தெரிவித்தல் நாளுக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் நான்கு நாள். முதல் மூன்று நாள் இணைசேரும் காலத்தின் வாலில் வருகிறது, ஆண்மான்கள் புத்தி மறந்து சுற்றும். அயோவாவில் ஷாட்கன் பருவம் டிசம்பரில், அந்த மும்முரம் அடங்கிய பிறகு. அங்கே கொம்புகள் பெரிதாக இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. அயோவா 2017-லேயே நேர்ச்சுவர் ரைஃபிளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இன்னும் பெரிய மான்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

விஸ்கான்சினும் 2013 முதல் மாநிலம் முழுக்க ரைஃபிளைத் திறந்துவிட்டது. இண்டியானா 2016-ல் தனியார் நிலத்தில் .308 வரைக்கும் போனது. அவர்களை ஒப்பிட்டால் நம் சட்டம் ரொம்ப எச்சரிக்கையானது.

---

பைக் வில்லாளி
2022 டிசம்பர் 9, மாலை 4:40

அயோவா கணக்கு யோசிக்க வேண்டியதுதான். என் கவலை முழுக்கப் போகவில்லை, ஆனால் பருவத்தைத் தள்ளி வைக்கக் கேட்பதுதான் சரியான கோரிக்கை என்று தோன்றுகிறது.

---

சமையல்கட்டு
2022 டிசம்பர் 10, காலை 11:20

மாறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். குண்டு வாங்கும்போது ஈயமா செம்பா என்று பாருங்கள்.

2008-ல் மின்னசோட்டா இயற்கை வளத் துறை செத்த ஆடுகளின் உடலில் பலவகைக் குண்டுகளைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. வேகமாக விரிந்து உடைகிற ஈய ரைஃபிள் குண்டுகள்தான் அதிகத் துகள்களை விட்டன. அந்தத் துகள்கள் காயத்திலிருந்து தள்ளிக்கூட இருந்தன, கத்தியால் காயத்தைச் சுற்றி அறுத்து எறிந்தாலும் மிஞ்சும் அளவுக்கு. ஸ்லக்கும் வாய்வழி கெட்டிக்கும் குண்டும் விட்டது குறைவு. அதே ஆண்டு வடக்கு டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கைமாவை ஒதுக்கச் சொன்னார்கள்.

.350, .450 எல்லாம் .308 வேகத்தில் போவதில்லை என்பது உண்மை. இருந்தாலும் நாம் ஸ்லக்கிலிருந்து ரைஃபிளுக்குப் போகிறோம், ஈயத் துகள் விஷயத்தில் அது ஒரு படி மோசம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் இருப்பார்கள். செம்புக் குண்டு பெட்டிக்குக் கொஞ்சம் விலை கூடத்தான். வருடத்துக்கு இரண்டு பெட்டி, அவ்வளவுதானே? என் வீட்டில் பின்னங்காலை மிளகுச் சுக்காவாகவும் கழுத்தைக் குழம்பாகவும் வைக்கிறேன். ஆறு வயதுப் பையன் எலும்பு வரை சூப்புகிறான். அந்தத் தட்டில் ஈயம் வரக்கூடாது.

---

பியோரியாக்காரன்
2022 டிசம்பர் 10, இரவு 9:55

சமையல்கட்டு, இதை நான் யோசித்ததே இல்லை. மனமார்ந்த நன்றி. செம்புதான் வாங்கப் போகிறேன்.

ஒரே தோட்டா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

---

பழைய குழல்
2022 டிசம்பர் 11, காலை 7:05

நான் சொல்கிறேன். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

ஷாட்கனில் மூன்று போடலாம். முதல் வெடி மானுக்கு, மற்ற இரண்டும் ஓடுகிற வாலுக்கு என்று சுடுகிற ஆட்களோடு நான் காட்டில் இருந்திருக்கிறேன். பருவம் திறக்கும் காலையில் "டும்", கொஞ்சம் கழித்து "டும் டும்" என்று கேட்டால், பின்னால் வந்த இரண்டும் எங்கோ போயிற்று என்று அர்த்தம். அடிபட்ட மான்கள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆள் பொறுப்பான். மான் திரும்பி விலா காட்டும்வரை காத்திருப்பான்.

---

ஓஹியோ அண்ணாச்சி
2022 டிசம்பர் 11, காலை 9:10

அய்யா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் முதல் அடி சரியாகப் படாமல் மான் எழுந்து நின்றால் இரண்டாவது உடனே வேண்டும், அதன் வேதனையை முடிப்பதற்கு. அதற்குப் பழக்கம் வேண்டும் தம்பி. துப்பாக்கியின் தோளில் ஊன்றும் கட்டையில் துணியுறை மாட்டி அதில் மூன்று தோட்டா வை. வீட்டில் போலித் தோட்டாவை வைத்துத் தினம் இருபது தடவை பழகச் சொல்: சுடு, குழலை மடக்கு, கூட்டை எடு, புதிதைப் போடு, மூடு. கண் மட்டும் மான் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. கை தானாகச் செய்ய வேண்டும். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

---

பியோரியாக்காரன்
2023 மார்ச் 26, மாலை 6:30

இழையை மேலே கொண்டுவருகிறேன். .350 லெஜண்டில் மடக்குத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன், ஒற்றைத் தோட்டா, சிறுவர்களுக்கான குட்டைக் கட்டை. இன்று சுடுமிடத்துக்குப் போனோம்.

முதல் தோட்டாவுக்கு அவள் கண்ணை மூடினாள், எனக்குத் தெரிந்தது. எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதுக்கும் மூடினாள். மூன்றாவதில் நான் அவளுக்குத் தெரியாமல் வெற்றுக் கூட்டைப் போட்டுக் கொடுத்தேன். "டிக்" என்றது. குழல் ஒரு அடி கீழே குதித்தது. அவளே அதைப் பார்த்து "நான் முன்கூட்டியே தள்ளுகிறேன் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவளே கேட்டாள், எது வெற்று எது நிஜம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று. பதினைந்தாவது வெடிக்கு அவள் கண் திறந்தே இருந்தது. 50 கெஜத்தில் ஐந்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள், 100 கெஜத்தில் நான்கு. தோளில் ஒரு தடமும் இல்லை.

பழைய குழல் அய்யா, உங்கள் பேச்சு மனதில் இருந்ததால் ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் எல்லை 80 கெஜம். நிலத்தில் 80 கெஜத்தில் நாலாபக்கமும் மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டப் போகிறோம். நாடாவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் பார்க்க மட்டும்தான்.

---

பழைய குழல்
2023 மார்ச் 27, காலை 6:20

நாடா யோசனை நல்லது. பரணுக்கு முன்னால் நிலம் எப்படி இறங்குகிறது?

---

பியோரியாக்காரன்
2023 மார்ச் 27, காலை 7:45

மேற்கில் ஓடைக்கரை. அந்தப் பக்கக் கரை பத்தடி உயரம், மண். கிழக்கில் மொட்டை வயல், அரை மைலில் சாலை. அதனால் கிழக்குப் பக்கத்தைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன், அந்தப் பக்கம் குழலைத் திருப்பவே முடியாது.

---

பியோரியாக்காரன்
2023 அக்டோபர் 9, இரவு 8:10

சிறுவர் பருவம் இன்று முடிந்தது. சொல்லத்தான் வந்தேன்.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கன்றுகளோடு ஒரு பெண்மான், 40 கெஜம். கன்றுகள் பெரிதாகிவிட்டன, சட்டப்படி சுடலாம். அவள் குழலைத் தூக்கவே இல்லை. "அது வேண்டாம்" என்றாள். சரி என்றேன். சிறுவர் பருவத்தில் பெரியவர் சுடக் கூடாது என்பதால் என்னிடம் துப்பாக்கியே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. முடிவு அவளுடையது.

இன்று மாலை, வெளிச்சம் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், ஓடைப் பக்கமிருந்து தனியாக ஒரு பெண்மான். முதலில் நாடாவுக்கு வெளியே நின்று மேய்ந்தது. பத்து நிமிடம் இருக்கும். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. மான் நாடாவைத் தாண்டி உள்ளே வந்தது, நேராக எங்களைப் பார்த்து. அப்போதும் காத்திருந்தாள். தலையைத் திருப்பி விலா காட்டியது. வெடி.

நான் மானைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவளைத்தான் பார்த்தேன். அண்ணாச்சி, நீங்கள் சொன்ன மாதிரியே கை தானாக மடக்கி, கூட்டை எடுத்து, அடுத்ததைப் போட்டு மூடிவிட்டது. கண் மானை விட்டு நகரவில்லை. இரண்டாவது தேவைப்படவில்லை. ஓடைக்கரை ஏறும் முன் விழுந்துவிட்டது. பிறகு கெஜம் அளந்து பார்த்தோம்: 62. குண்டு விலா வழியாகப் போய்க் கரை மண்ணில் புதைந்திருந்தது. அவள் மானின் கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் பேசவில்லை. குடல் எடுக்கும்போது டார்ச் பிடித்தாள், முகத்தைத் திருப்பவில்லை. எடுத்த மானை இரவு பத்து மணிக்குள் மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

---

கொல்லைக்காரி
2023 அக்டோபர் 9, இரவு 8:31

படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை "அது வேண்டாம்" என்றாளே, அதற்காகவும் அவளுக்கு என் முத்தம்.

---

சமையல்கட்டு
2023 அக்டோபர் 9, இரவு 9:02

முதல் மானின் முதுகுத் துண்டைக் கைமா போட்டுவிடாதீர்கள். இரும்புக் கல்லில் நெய், மிளகு, உப்பு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அவளே செய்யட்டும்.

---

பழைய குழல்
2023 அக்டோபர் 10, காலை 6:05

நாடாவுக்கு வெளியே பத்து நிமிடம் மான் நின்றது, அவள் சுடவில்லை. அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

நவம்பரில் நான் என் 12 கேஜோடுதான் போவேன், கைக்குப் பழகிவிட்டது. ஆனால் பேரன் அடுத்த வருடம் வகுப்புக்குப் போகிறான். பன்னிரண்டு வயது, என் தோள் உயரம்கூட இல்லை. அந்தக் குட்டைக் கட்டை எத்தனை அங்குலம் என்று சொல்ல முடியுமா தம்பி?

---

பியோரியாக்காரன்
2023 அக்டோபர் 10, காலை 7:20

விசையிலிருந்து கட்டை முனை வரை 13 அங்குலம் அய்யா. குளிர் அங்கி போட்டால் அதுவே கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது. கேல்ஸ்பர்க் ஒரு மணி நேரம்தானே, ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். பேரன் தோளில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.